வாசலில் வெள்ளை ஷூ இருந்தால் தட்டாதீர்கள்

தாராவியில் எங்கள் சந்துக்குள் ராத்திரி 2 மணிக்கே விளக்கு எரிகிற வீடு ஒன்று உண்டு. இட்லிக்கார அண்ணாச்சி வீடு. அண்ணாச்சியும் அக்காவும் அந்நேரம் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தால், விடிகிறபோது இட்லிப் பானையைச் சைக்கிளில் கட்டி, ஹாரனை அமுக்கிக்கொண்டு அண்ணாச்சி மாதுங்கா பக்கம் கிளம்பிவிடுவார். இருபது வருஷத்துக்கு மேலாக ராத்திரியில் உழைக்கிறவர்கள். ஆனாலும் கண்ணாடியில் நான் பார்த்த என் முகத்துச் சோர்வு அவர்கள் முகத்தில் இருந்ததில்லை. அது ஏன் என்று விளங்க எனக்குப் பல வருஷம் பிடித்தது.

நான் நர்ஸ். திருநெல்வேலிப் பக்கம் படித்து, கல்யாணமாகி மும்பைக்கு வந்து, 2008-இல் பரேல் பக்கம் ஒரு மருத்துவமனையில் சேர்ந்தேன். காலை ட்யூட்டி 7 முதல் 2 வரை, மாலை ட்யூட்டி 2 முதல் 9 வரை, நைட் 9 முதல் மறுநாள் காலை 7 வரை. மாதத்தில் ஆறேழு நைட் வரும். புதிதாகச் சேர்ந்தபோது சீனியர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: "பழகிடும்." எனக்குப் பழகவில்லை. இன்று எங்கள் வார்டுக்கு வரும் புதுப் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது, மாறி மாறி வருகிற நைட்டுக்கு உடம்பு பழகாது என்பதைத்தான். பழகும் பழகும் என்று ஆறு வருஷம் காத்திருந்தேன். வயிற்றெரிச்சலும், தள்ளிப்போகிற மாதவிலக்கும், பிள்ளைகள் மேல் காரணமில்லாமல் விழுந்த கோபமும்தான் அந்த ஆறு வருஷத்தில் கண்டது.

2014 மழைக்காலத்தில் ஓர் இரவு. தொடர்ந்து ஆறு நைட்டில் அது ஐந்தாவது. விடியற்காலை 6 மணி ஊசிகளைத் தயார் செய்துகொண்டிருந்தேன். ஒரு நோயாளி வீட்டிலிருந்து தன் இன்சுலின் பாட்டிலையே கொண்டுவந்திருந்தார். நம் நாட்டில் சாதாரணமாகக் கிடைக்கிற இன்சுலின் பாட்டிலில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருக்கும். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. அவர் கொண்டுவந்தது மில்லிக்கு 100 யூனிட் பாட்டில். அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு வேண்டும். நூறு யூனிட் பாட்டிலில் சிவப்பு மூடி சிரிஞ்சை விட்டுப் பத்துக் கோடு இழுத்தால், உள்ளே போவது 10 யூனிட் இல்லை, 25 யூனிட். பயிற்சிக்கு வரும் மாணவிகளுக்கு நானே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. அன்று கையில் சிவப்பு மூடியை எடுத்து, பத்துக் கோடு இழுத்து, கட்டில் பக்கம் நாலடி நடந்துவிட்டேன். பக்கத்தில் நின்ற மாணவிதான் இந்தியில் மெதுவாகக் கேட்டாள்: "சிஸ்டர், அந்த பாட்டில் நூறு இல்லையா? மூடி சிவப்பா இருக்கே?"

அந்தப் பிள்ளை கேட்கத் தயங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். ஊசியைக் கீழே வைத்தேன். காலையில் இன்சார்ஜ் சிஸ்டரிடம் நானே போய்ச் சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். கேரளத்துக்காரரான அவர் என்னைத் திட்டவில்லை. ஒரே கேள்வி கேட்டார்: "நேத்து பகல்ல எத்தனை மணி நேரம் தூங்கினே?" விரல்விட்டு எண்ணினேன். மூன்று மணி நேரம். அதற்கு முந்தைய நாளும் மூன்று. நாலு பகலிலும் சேர்த்தாலே பதின்மூன்று மணி நேரம் தேறவில்லை.

தூக்கம் எங்கே போனது? எங்கள் வீடு பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரே அறை, இரும்பு ஏணி வைத்த லாஃப்ட், அதற்கு மேலே சிமெண்ட் ஷீட். நைட் முடிந்து வந்தால் யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று நான் லாஃப்டில் ஏறிப் படுப்பேன். பத்து மணிக்கு ஷீட் சுட ஆரம்பிக்கும். பதினொன்றரைக்கு மேல் அங்கே ஆள் இருக்க முடியாது. வேர்வையில் நனைந்து இறங்கி வந்தால் கீழே குக்கர் விசில், எதிர்வீட்டுத் தையல் மெஷின், ஊரிலிருந்து யாராவது வந்திருப்பார்கள். "இன்னுமா தூக்கம்?" என்று ஒருவர் கேட்பார். அத்தைக்கும் அது கூச்சமாக இருந்தது. மருமகள் பகல் பதினொரு மணிக்குப் படுத்துக் கிடக்கிறாள் என்று நாலு பேர் சொல்வதை எந்த மாமியாரால் கேட்டுக்கொண்டிருக்க முடியும்? அதனால் யாராவது வந்தால் என்னை எழுப்பிவிடுவார். எனக்கும் எழுந்து டீ போட்டுக் கொடுத்தால்தான் நிம்மதி. பகலில் தூங்குவது என் சொந்த ஆசைக்காக என்பதுபோலவும், அதை வீட்டாரிடம் கேட்டு வாங்குவது தப்பு என்பதுபோலவும் நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை அத்தையிடம் ஊசி விஷயத்தைச் சொன்னேன். மூடி என்ன நிறம், கோடு எத்தனை, அந்த நோயாளிக்கு வயது என்ன, எல்லாம் சொன்னேன். அத்தைக்கும் சர்க்கரை உண்டு. அவருக்கு ஊசி போடுவதும் நான்தான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஏ பிள்ள, நாளையிலேருந்து நீ கீழ படு. நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார்.

எங்கள் வீட்டில் எல்லாம் மாறியது அந்த ஒரு பேச்சிலிருந்துதான். நைட் ட்யூட்டி பார்ப்பவருக்குத் தேவையான முதல் காரியம் கறுப்புத் திரையோ காதடைப்போ இல்லை, வீட்டில் இப்படி ஒரு பேச்சு. ட்யூட்டியில் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாவிட்டால், நம் தூக்கம் அவர்கள் கண்ணுக்குச் சோம்பலாகத்தான் தெரியும். சண்டை போடும்போது இதைச் சொல்லக்கூடாது. சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருக்கும்போது சொல்ல வேண்டும்.

ஏற்பாடு இதுதான். காலை எட்டரையிலிருந்து ஒரு மணி வரை கீழ் அறை எனக்கு. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடுவார்கள். சமையலை அத்தை ஏழரைக்குள் முடித்துவிட்டு, காய் நறுக்குவது, அரிசி புடைப்பது எல்லாம் இட்லிக்கார அக்கா வீட்டுத் திண்ணையில். எங்கள் சந்தில் தண்ணீர் வருவது விடியற்காலையில். அதைப் பிடித்து டிரம்மில் நிரப்புவது நைட் வாரத்தில் முழுக்க வீட்டுக்காரர் பொறுப்பு. சந்துக்காரர்களுக்கு அடையாளம் வேண்டுமே என்று, நான் தூங்கும்போது என் ட்யூட்டி வெள்ளை ஷூவை வாசற்படியில் வைத்தோம். ஷூ வெளியே இருந்தால் தட்டக்கூடாது. முதல் மாதம் இரண்டு மூன்று பேர் மறந்து தட்டினார்கள். பிறகு கேஸ் சிலிண்டர் போடுகிற தம்பி வரைக்கும் அது தெரிந்துவிட்டது. செல்போனைச் சத்தமில்லாமல் வைத்து, பள்ளிக்கூடத்து எண்ணும் வீட்டுக்காரர் எண்ணும் மட்டும் ஒலிக்கும்படி செய்துகொண்டேன்.

அறைக்குள் செய்தது கொஞ்சம்தான். கடையில் திரைக்கென்று விற்பது வேண்டாம் என்று, குடைக்குப் போடுகிற கறுப்புத் துணியை இரண்டு மடிப்பாகத் தைத்து ஜன்னலை மூடினேன். மூடிய இமையையும் தாண்டி வெளிச்சம் உள்ளே போகும். அதனால் ஒரு கைக்குட்டை கண் மேல். டேபிள் ஃபேனைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தால் ஒரே சீரான இரைச்சல் வரும். தையல் மெஷின் சத்தம் அதற்குள் அமுங்கிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் ஷீட் மேல் நனைந்த சாக்கு. தண்ணீர் இருந்தால்தான் அது. இல்லாத நாளில் இல்லை.

வெளிச்சத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் மூளைக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது என்பதும், உடம்பின் செல்களுக்கும் தனித்தனியாக அப்படி உண்டு என்பதும் படிப்பில் ஒரு வரியாகக் கடந்துபோன விஷயம். அந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களை வைத்துக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2017-இல் மருத்துவ நோபல் கொடுத்தபோதுதான் நான் அதைத் தேடிப் படித்தேன். மூளையின் கடிகாரத்துக்கு மணி சொல்வது முக்கியமாகக் கண்ணில் படுகிற வெளிச்சம். ராத்திரி முழுக்க விழித்துவிட்டு, காலை ஏழு மணி வெயிலில் முகத்தைக் காட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தால், 'விடிந்துவிட்டது, எழுந்திரு' என்று அதற்குச் சொல்லிவிட்டுப் போய்ப் படுக்கிறோம் என்று அர்த்தம். அதைப் படித்த பிறகு கறுப்புக் கண்ணாடி போட்டுத்தான் வீட்டுக்கு வருகிறேன். வார்டில் நேர் எதிர்: ராத்திரி முதல் பாதியில் நர்ஸ் டேபிள் விளக்கு முழுசாக எரியட்டும், நாலு மணிக்கு மேல் வேலைக்குத் தேவையான அளவு போதும்.

கண்ணாடி போட்ட முதல் வாரம் ஒரு காரியம் நடந்தது. பரேலில் ஸ்லோ லோக்கலில் ஏறினால் தாதர், மாதுங்கா, மூன்றாவது நான் இறங்குகிற சயான். பத்து நிமிஷப் பயணம். காலையில் நகரத்தை நோக்கி வருகிற வண்டிகள் பிதுங்கி வழியும்போது நாம் எதிர்த்திசையில் போகிறோம், லேடீஸ் டப்பாவில் ஜன்னலோரம் உட்கார இடம் கிடைக்கும். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நிமிஷம் கண்ணை மூடினேன். யாரோ தோளைத் தட்டியபோது வண்டி சயானைத் தாண்டி வெகுதூரம் போய், கல்யாண் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தது. வீடு திரும்ப மணி பத்தைத் தாண்டிவிட்டது. அதிலிருந்து சயான் வரைக்கும் நின்றுகொண்டேதான் வருகிறேன், இடம் இருந்தாலும்.

ரயிலில் தூங்கினால் கல்யாண் போகலாம், வண்டி ஓட்டினால் எங்கே போவோம் என்று சொல்ல முடியாது. கூட வேலை பார்த்த ஒரு பெண் நைட் முடிந்து ஸ்கூட்டியில் போகும்போது ஹைவே டிவைடரில் மோதிக் காறை எலும்பு முறிந்து வந்தாள். பிரேக் பிடித்ததே அவளுக்கு நினைவில்லை. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் கவனம் அளவுக்கு இறங்கிவிடும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கிற அளவு 0.03 சதவீதம். மதியம் 2 மணிக்கு எழுந்தவள் மாலையில் மறுபடி தூங்காமல் ட்யூட்டிக்கு வந்தால், காலை 7 மணிக்குச் சரியாக 17 மணி நேரம் ஆகிறது. அதனால் நைட் முடிந்து யாரும் வண்டி ஓட்டாதீர்கள். ஆட்டோவுக்குக் காசு ஆகும், ஆகட்டும். மாலை ஆறிலிருந்து ஏழரை வரை இன்னொரு தூக்கம் போடுங்கள். பகலில் நாலரை மணி நேரம், மாலையில் ஒன்றரை. ஒரே மூச்சில் ஆறு மணி நேரம் தூங்க முடியாத வீட்டில் எனக்கு ஒத்துவந்தது இந்த இரண்டு தவணைதான்.

ட்யூட்டியில் கஷ்டமான நேரம் மூன்றரையிலிருந்து ஐந்தரை வரை. உடம்பின் சூடு இருபத்துநாலு மணி நேரத்தில் மிகக் குறைவது அந்த வேளையில்தான், வார்டில் ஏ.சி. இல்லாவிட்டாலும் குளிரும். அந்நேரத்தில் மருந்து கலப்பதை இரண்டு பேராகச் செய்கிறோம். ஒருத்தி பாட்டில் பெயரையும் அளவையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும், இன்னொருத்தி பார்க்க வேண்டும். கூட ஆள் இல்லாவிட்டால் வார்டு ஆயாவான மௌசியைப் பக்கத்தில் நிற்கவைத்து நான் சத்தமாகப் படிப்பேன். அவருக்கு மருந்து தெரியாது, ஆனால் வாயால் சொல்லும்போது தப்பு நம் காதிலேயே விழும். இரண்டு மணியிலிருந்து மூன்றரைக்குள், இன்சார்ஜுக்குத் தெரிந்தே, ஆளுக்கு இருபது நிமிஷம் மாற்றி மாற்றிக் கண் அசருகிறோம். இருபதுக்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய்விடுவோம். எழுப்பினாலும் மூளை எழுந்திருக்காது. எழுந்தவள் முகம் கழுவி, ஒரு சுற்று நடந்து, பத்து நிமிஷம் கழித்துத்தான் மருந்தைத் தொட வேண்டும்.

டீயை நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்க மாட்டோம், நானும் கேட்க மாட்டேன். ஆனால் குடித்த டீயின் காபீனில் பாதி கழியவே ஐந்து மணி நேரம்போல ஆகும். எட்டரைக்குத் தூங்க வேண்டியவள் ஐந்து மணிக்கு டீ குடித்தால் அது படுக்கைக்கும் கூடவே வரும். என் கடைசி டீ இரண்டு மணிக்கு.

சாப்பாட்டில் நான் நிறைய ஏமாந்திருக்கிறேன். ராத்திரி ஒரு மணிக்கு எல்லோரும் டப்பாவைத் திறந்து, நோயாளி வீட்டார் கொடுத்த ஸ்வீட், வடாபாவ், யாராவது கொண்டுவந்த பிரியாணி என்று சேர்ந்து சாப்பிடுவோம். அந்த அரைமணி நேரம்தான் நைட்டில் மனசுக்குச் சந்தோஷம். ஆனால் ராத்திரியில் சாப்பிடுகிற அதே சோறு பகலில் சாப்பிடுவதைவிடச் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றும். அந்நேரத்துக்கு உடம்பின் இன்சுலின் அவ்வளவாக வேலை செய்யாது. 36 வயதில் என் எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுகிற ரத்தப் பரிசோதனை, 6.1 வந்தது. 5.7-ஐத் தொட்டாலே சர்க்கரைக்கு முந்தைய நிலை என்று எத்தனை பேருக்கு நான் சொல்லியிருப்பேன். இப்போது முழுச் சாப்பாடு கிளம்பும் முன்பே, எட்டு மணிக்கு. பன்னிரண்டு மணிக்குச் சுண்டல் அல்லது கொஞ்சம் தயிர்சாதம், எல்லோரோடும் உட்கார்ந்துதான். அதற்குப் பிறகு விடியும்வரை தண்ணீரும் மோரும். வீட்டுக்கு வந்ததும் அக்கா எடுத்துவைத்திருக்கிற இட்லி இரண்டு. வெறும் வயிற்றோடு படுத்தால் பத்து மணிக்குப் பசி எழுப்பிவிடும். ஒன்றரை வருஷத்தில் 5.6-க்கு வந்தேன். நடையும் சேர்ந்துதான்.

ஒருநாள் இட்லிக்கார அக்காவிடம் கேட்டேன், எப்படி உங்களால் முடிகிறது என்று. "நாங்க என்னைக்கும் எட்டு மணிக்குப் படுத்துருவோம், ரெண்டு மணிக்கு எழும்புவோம். மத்தியானம் ஒரு தூக்கம். ஞாயித்துக்கிழமையும் அதேதான், கல்யாண வீடு இருந்தாலும் அதேதான். நீ வாரத்துக்கு ஒரு ஊருல்ல போற?" என்றார். அதுதான் விஷயம். அவர்கள் ராத்திரியில் வேலை செய்கிறவர்கள், ஆனால் தினமும் அதே மணி. என்னை வாட்டியது மணி மாறிக்கொண்டே இருந்தது. அதிலும் எங்கள் ரோஸ்டர் பின்னோக்கிப் போகும்: நைட், பிறகு மாலை, பிறகு காலை. மாலை ட்யூட்டியை 9 மணிக்கு முடித்தவள் மறுநாள் காலை 7-க்கு வந்து நிற்பாள்.

மனிதரின் உள்கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சில நிமிஷம் நீளம். அதனால் தூக்கத்தைத் தள்ளிப்போடுவது எளிது, முன்னுக்கு இழுப்பது கஷ்டம். காலை, பிறகு மாலை, பிறகு நைட் என்று முன்னோக்கிப் போகிற ரோஸ்டர் உடம்புக்கு இசைவானது. ஆறு நர்சுகள் கையெழுத்துப் போட்டு இதை இன்சார்ஜிடம் கொடுத்தோம். கூடுதல் ஆள் கேட்கவில்லை, கூடுதல் காசு கேட்கவில்லை, வரிசையை மட்டும் திருப்பக் கேட்டோம். மூன்று மாதம் பார்ப்போம் என்றார். இன்றைக்கும் எங்கள் வார்டில் அந்த வரிசைதான். உங்கள் வேலை வேறாக இருக்கலாம். கால் சென்டரோ, செக்யூரிட்டியோ, ஹோட்டலோ. ரோஸ்டர் போடுகிறவரிடம் வெறுமனே "கஷ்டமாக இருக்கிறது" என்று போகாமல், இப்படித் திருப்பிப் போட முடியுமா என்று எழுதியே கொண்டு போங்கள்.

லீவு நாளில் என்ன செய்வது என்பதுதான் எனக்கு இன்னும் முழுசாகத் தீராத சிக்கல். லீவிலும் ராத்திரி விழித்துப் பகலில் தூங்கினால் உடம்புக்கு நல்லது என்பார்கள். பிள்ளைகள் உள்ள வீட்டில் அது நடக்காது. கடைசி நைட் முடிந்த பகலில் இரண்டு, இரண்டரை மணி நேரம் மட்டும் தூங்கி எழுந்து, கண்ணாடி இல்லாமல் வெயிலில் மார்க்கெட் போய் வந்து, ராத்திரி பத்துக்குப் படுக்கிறேன். அன்று மாலை முக்கியமான பேச்சு எதுவும் வைத்துக்கொள்வதில்லை. பண விஷயம், சொந்தக்காரர் சண்டை, பிள்ளையின் மார்க்கு எல்லாம் மறுநாள்.

பயமுறுத்துவதாக ஆகிவிடுமோ என்று மறைக்காமல் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, நைட் ஷிஃப்ட் வேலையைப் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ள 2ஏ பட்டியலில் வைத்திருக்கிறது. 2007-இல் வைத்தது, 2019-இல் மறுபடி பார்த்தும் எடுக்கவில்லை. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி போன்றவையும் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன. அதனால் நைட் பார்க்கிற எல்லோருக்கும் நோய் வரும் என்று அர்த்தமில்லை. மாதம் ஒருமுறை மார்பகத்தைத் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள், வருஷத்துக்கு ஒருமுறை சர்க்கரையும் பிரஷரும் பாருங்கள். தூக்கமில்லாமல் அழுகை வருவது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் போங்கள். தூக்க மாத்திரையைத் தோழி கொடுத்தாள் என்று போடாதீர்கள். மருந்து அலமாரிக்குப் பக்கத்திலேயே வேலை செய்கிற எங்களுக்கு அந்தச் சபலம் அதிகம்.

இன்று எனக்கு நைட், இந்த வாரத்தின் முதல் நாள். இதை எழுதும்போது மணி ஐந்தே முக்கால். மகள் கணக்குப் போட்டு முடித்துவிட்டாள். டப்பாவில் சுண்டல் தயார். அத்தை ஜன்னல் துணியை இழுத்துவிட்டு, ஃபேனைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டார். வெளியே ஷூவை வைக்கிற சத்தம் கேட்கிறது.